எங்க வெச்சுப் பாக்கறது?

ஆபரேசன் முடிஞ்சு நாலாவது நாளு டாக்டர் வந்து, "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்"னு சொன்னதும் சொந்தக்காரங்க மூஞ்சியில முதல்ல சந்தோசம் வரும். அரை மணி நேரம் கழிச்சு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்கிட்ட நின்னுக்கிட்டு எல்லாரும் பேசறது ஒரே பேச்சுதான்: "எங்க வெச்சுப் பாக்கறது?" பெரியவன் வீடா, சின்னவன் வீடா, மக வீடா, இல்ல தோட்டத்துச் சாளையிலயே விட்டுடலாமா? ஆபரேசனுக்குப் பணம் பொரட்டறதைவிட இந்தப் பேச்சுலதான் அண்ணன் தம்பி மனஸ்தாபம் அதிகமா வருது.

இது நம்ம காலத்துப் பிரச்சினைன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். ஆனா ஆயிரம் வருசமா மனுசங்க மண்டையை உடைச்சுக்கிட்ட கேள்விங்க இது. நான் படிச்சது, கேட்டது, கண்ணால பாத்தது எல்லாத்தையும் கோத்து இங்க எழுதறேன்.

காஞ்சிபுரம் பக்கம் பாலாறு, வேகவதி, செய்யாறு மூணும் கூடற இடம் திருமுக்கூடல். அங்க இருக்கற பெருமாள் கோயில்ல வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 1068ஆம் ஆண்டு வெட்டினது. கோயிலோட சேந்த ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, அது நடந்த விதத்தை அதுல கணக்காச் சொல்லியிருக்காங்க. வீரசோழன்னு அதுக்குப் பேரு. மொத்தம் 15 படுக்கை. அங்க வேதம் படிச்ச பசங்களும் கோயில் வேலைக்காரங்களும் சீக்காப் போனா வந்து படுத்துக்கலாம். வைத்தியருக்கு வருசத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். கத்தி வெச்சு அறுக்கற சல்லியக்காரருக்கு 30 கலம் நெல்லு. மூலிகை பறிச்சு வர, வெறகு கொண்டாற ரெண்டு ஆளு. மருந்து குடுத்துப் பண்டுவம் பாக்க ரெண்டு பெண்கள். தண்ணி எடுத்து ஊத்த ஒரு ஆளு, நாவிதர் ஒருத்தர். நோயாளிக்கு ஆளுக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி முழுக்க எரியறதுக்கு ஒரு வெளக்கு.

நெல்லுக் கணக்கு பாத்தே வளந்தவன் நான். இந்தக் கல்வெட்டைப் பத்திப் படிச்சப்ப எனக்குப் பட்டது இதுதான். வைத்தியரும் சல்லியக்காரரும் ஆளுக்கு ஒருத்தர். மத்தவங்க எல்லாரும் அரிசி, தண்ணி, வெறகு, மருந்து, வெளக்குன்னு படுத்திருக்கறவங்களைப் பாக்கறதுக்கான ஆளுங்க. அறுக்கறது ஒரு நாழிகை வேலை, தேறி எந்திரிக்கறது ஒரு மாச வேலைன்னு அன்னைக்கே தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

அடுத்த கணக்கு ஸ்காட்லாந்து நாட்டுல, எடின்பரோ நகரத்துல. ஜேம்ஸ் சிம்ப்சன்னு ஒரு டாக்டர். வலி தெரியாம ஆபரேசன் பண்ண 1847ல குளோரோஃபார்மைக் கொண்டு வந்தவர் அவருதான். அவருக்கு வயசான காலத்துல ஒரு சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரியில கை, கால் எடுத்தவங்க அவ்வளவு பேரு சாகறாங்களே, கிராமத்துல டாக்டருங்க குடிசையில வெச்சே கால் எடுத்தவங்க என்ன ஆனாங்க? கிராமத்து டாக்டருங்களுக்கெல்லாம் கடுதாசி எழுதிக் கணக்கு வாங்கி, 1869ல வெளியிட்டாரு. ஆஸ்பத்திரியில கை, கால் எடுத்தவங்க 2,089 பேரு, அதுல செத்தவங்க 855. கிராமத்துல எடுத்தவங்க 2,098 பேரு, செத்தவங்க 226. அதாவது ஆஸ்பத்திரியில நூத்துக்கு 41, குடிசையில நூத்துக்கு 11. ஆஸ்பத்திரி பெருசாகப் பெருசாகச் சாவும் கூடிக்கிட்டே போச்சு.

ஆஸ்பத்திரிக்கு வர்றதெல்லாம் முத்தின கேசு, அதையும் இதையும் ஒண்ணா வெச்சுப் பாக்கக் கூடாதுன்னு அப்பவே மத்த டாக்டருங்க சண்டைக்கு வந்தாங்க. அதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா அடிப்படைக் காரணம் இன்னைக்கு நமக்குத் தெரியும். ஒரே வார்டுல பத்து முப்பது புண்ணு, ஒருத்தர் சீழைத் தொட்ட கை கழுவாம அடுத்தவரைத் தொடும், அதே ரத்தக்கறை படிஞ்ச கோட்டு. கோழிப் பண்ணையில ஒரு கோழிக்கு வந்த சீக்கு கொட்டகைக்கே பரவற மாதிரிதான். குடிசை அழுக்காத்தான் இருந்திருக்கும், ஆனா அந்த அழுக்கு அந்த ஒரு குடும்பத்தோட அழுக்கு. இதே சமயத்துல கிளாஸ்கோவுல ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் ஊத்திப் புண்ணைச் சுத்தம் பண்ற முறையை 1867ல எழுதிட்டாரு. அது பரவினதுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி பொழைக்கற இடமா மாறுச்சு.

அதே கிளாஸ்கோவுல ஜேம்ஸ் நிக்கல்னு ஒரு டாக்டர், கொழந்தைகளுக்கு ஆபரேசன் பண்றவரு. குடலிறக்கம், உதட்டுப் பிளவு, கோணக்கால் இதெல்லாம் அறுத்துட்டு அன்னைக்கே தாய்மாரு கையில கொழந்தையைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பத்து வருசத்துல 8,988 ஆபரேசன். 1909ல அந்தக் கணக்கை வெளியிட்டு, வார்டுல படுக்க வெச்ச கொழந்தைகளைவிட இவங்க ஒண்ணும் மோசமாகலைன்னு சொன்னாரு. தாயை விட்டுப் பிரிச்சு வார்டுல போட்டா கொழந்தை அழுது அழுதே தையலைப் பிச்சுக்கும், தாய் மடியில கெடந்தா அசையாமத் தூங்கும்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது.

ஆனா இதுல நாம கவனிக்க வேண்டியது வேற ரெண்டு விசயம். அவரு சும்மா அனுப்பி விடலை. நர்ஸுங்க அந்தக் கொழந்தைங்க வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வந்தாங்க. வீடு தோதுப்படாத தாய்மாருக்காக ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு சின்ன வீடு புடிச்சு, தாயும் பிள்ளையுமாத் தங்க வெச்சாங்க. வீட்டுக்கு அனுப்பறதுன்னா கை கழுவி விடறதுன்னு அவரு நினைக்கலை.

இப்ப நம்ம பக்கம் வருவோம். கணித மேதை ராமானுஜன் பொறந்தது 1887ல, ஈரோட்டுல, அவங்க அம்மா பொறந்த வீட்டுல. 1914ல இங்கிலாந்து போனாரு. 1917ல உடம்பு கெட்டுப் போச்சு. காசநோயின்னு நினைச்சு ஒரு சானடோரியம் மாத்தி இன்னொண்ணுன்னு அனுப்பினாங்க. மெண்டிப் மலையில இருந்த சானடோரியத்தை நடத்தினது நம்மாளு ஒருத்தர், டாக்டர் சௌரிமுத்து. சன்னலைத் திறந்து போட்டுக் குளுந்த காத்துல படுக்க வெக்கறதுதான் அந்தக் காலத்து வைத்தியம். ராமானுஜன் சுத்த சைவம். சண்டைக் காலம் வேற. குளிரு தாங்கலை, சாப்பாடு எறங்கலை. நல்ல டாக்டர், நல்ல காத்து, நல்ல கட்டில் எல்லாம் இருந்தும் அந்த மனுசன் அங்க தேறலை.

1919ல திரும்பி வந்தாரு. சென்னையில கொஞ்ச நாளு, அப்புறம் எங்க காவேரிக் கரையில கொடுமுடியில கொஞ்ச மாசம், அப்புறம் கும்பகோணம், கடைசியா மறுபடி சென்னை சேத்துப்பட்டு. 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, 32 வயசுல காலமாயிட்டாரு. நாலு எடம் மாத்தியும் பொழைக்க வைக்க முடியலை. சம்சாரம் ஜானகி அம்மா பின்னாள்ல சொல்லியிருக்காங்க: நேரா நேரத்துக்குச் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் குடுத்ததும், வலிக்கறப்ப காலுக்கும் நெஞ்சுக்கும் வெந்நி ஒத்தடம் குடுத்ததும் தனக்குக் கெடைச்ச பாக்கியம்னு. அந்த வெந்நி வெச்ச ரெண்டு பாத்திரத்தையும் வயசான காலம் வரைக்கும் பத்திரமா வெச்சிருந்தாங்களாம். நோவு தீராதுன்னு ஆனதுக்கப்புறமும் எங்க, யாரு கையில இருக்கறோம்ங்கறது ஒரு மனுசனுக்குப் பெரிய விசயம்.

சௌரிமுத்து டாக்டர் ஊருக்கு வந்து 1928ல தாம்பரத்துல 12 படுக்கையோட ஒரு சானடோரியம் தொடங்கினாரு. 1937ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. தாம்பரம் சானடோரியம்னு ரயில் நிக்கற ஊரே அதனால வந்ததுதான். எங்க ஜில்லாவுலயும் பெருந்துறை சானடோரியம்னு இன்னைக்கும் கண்டக்டர் கூப்பிடறாரு. காசநோய்க்காரங்க படுத்திருந்த அந்த வளாகத்துலதான் இப்ப அரசு மருத்துவக் கல்லூரி இருக்குது.

அந்த சானடோரியம் காலத்தை முடிச்சு வெச்சதே நம்ம சென்னைதான். இது நம்மாளுங்க நிறையப் பேருக்குத் தெரியாது. 1956ல உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, பிரிட்டனோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேந்து, ராமானுஜன் உயிர் போன அதே சேத்துப்பட்டுல ஒரு மையம் தொடங்கினாங்க. வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு டாக்டர் தலைமை. காசநோய்க்காரங்களைச் சீட்டுக் குலுக்கற மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. மொத்தம் 193 பேரு. ஒரு பாதி சானடோரியத்துக்கு. இன்னொரு பாதி அவங்கவங்க வீட்டுலயே. வீடுன்னா மாடி வீடு இல்லைங்க. நெருக்கடியான சந்து வீடு. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருசம்.

சானடோரியத்துல பாலு, முட்டை, ஓய்வு எல்லாம் கெடைச்சுது. எடை அதிகமாக் கூடினது அவங்களுக்குத்தான். வீட்டுல இருந்தவங்களுக்குச் சாப்பாடு கம்மி, வேலையும் செஞ்சாங்க. வருசம் முடிஞ்சு பாத்தா, சானடோரியத்துல நூத்துக்கு 92 பேருக்கு நோவு அடங்கியிருந்தது. வீட்டுல நூத்துக்கு 86. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்கு நோவு கூடுதலாத் தொத்திக்குச்சான்னும் பாத்தாங்க. அதுவும் இல்லை. 1959ல இந்தக் கணக்கு வெளிவந்ததும் உலகம் பூராவும் காசநோய்க்காரங்களை வருசக்கணக்காப் படுக்க வெக்கற பழக்கம் போக ஆரம்பிச்சது.

"பாத்தீங்களா, வீடுதான் ஒசத்தி"ன்னு இதை மட்டும் புடிச்சுக்கிட்டுப் போயிடக் கூடாது. அந்த மையத்து ஆளுங்க சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பாத்தாங்க. மருந்தை முழுங்கினாங்களான்னு சிறுநீரைச் சோதிச்சாங்க. மருந்தும் ஆளும் வீடு தேடிப் போனதாலதான் வீடு ஆஸ்பத்திரிக்குச் சமமா நின்னுச்சு. நிக்கல் டாக்டர் கணக்கு சொன்னதும் இதேதான்.

இன்னொரு பக்கம், ஆபரேசன் ஆனா அசையாமப் படுக்கணும்ங்கற நினைப்பும் மாறிட்டே வந்தது. 1930கள் வரைக்கும் குடலிறக்க ஆபரேசனுக்கு ரெண்டு மூணு வாரம் படுக்கைதான் பெரும்பாலும். டெட்ராய்ட் நகரத்து லெய்தாசர்ங்கற டாக்டர் ஆபரேசன் ஆனவங்களை மறுநாளே எந்திரிச்சு நடக்க வெச்சு, 1946ல அதைப் பத்திப் புத்தகமே போட்டாரு. படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் ஒறையும், முதுகு புண்ணாகும், சதை வத்திப் போகும். படுக்கைதான் மருந்துன்னு நம்பினது போய், அதுவே ஒரு வியாதின்னு ஆயிடுச்சு.

கண்ணு ஆபரேசனை எடுத்துக்குங்க. எங்க அப்புச்சிக்கு 1970கள்ல முகாம்ல புரை எடுத்தாங்க. பள்ளிக்கூடத்துல வரிசையாப் பாயி, தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. தும்மக் கூடாது, இருமக் கூடாது, திரும்பிப் படுக்கக் கூடாது. அம்மாயி பக்கத்துலயே உக்காந்து ஸ்பூன்ல கஞ்சி ஊத்தினாங்க. வெங்கடசாமி டாக்டர் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் 1976ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினாரு. அந்த மாதிரி ஆளுங்க உழைப்பாலயும், கண்ணுக்குள்ளயே வெக்கற லென்ஸ் மலிவா வந்ததாலயும், இன்னைக்கு ஒரு நாள்ல வீட்டுக்கு வந்து சொட்டு மருந்து போட்டுக்கறாங்க.

ஆக, வரலாறு முழுக்க வீட்டுப் பக்கமே சாஞ்சுக்கிட்டு வந்திருக்குது. ஆனா நம்ம வீடு அதே வீடா இருக்குதா? இங்கதான் சிக்கல்.

போன வருசம் எங்க பெரியம்மா, வயசு 74, கட்டுத்தரையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாளே வாக்கர் புடிச்சு நிக்க வெச்சாங்க. அஞ்சாவது நாளு டிஸ்சார்ஜ். பெரியவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில, வாடகை வீடு ரெண்டாவது மாடி, லிப்ட் கெடையாது. சின்னவன் சாளையிலதான் இருக்கறான், ஆனா கக்கூஸ் வீட்டுல இருந்து நாப்பது அடி தள்ளி, அதுவும் குந்தி உக்கார்றது. மக கோபி பக்கம் குடுத்திருக்குது. தரைத்தள வீடு, ரூமுக்குள்ளயே சேர் மாதிரி கக்கூஸ். "ரெண்டு பசங்க இருக்கறப்ப மக வீட்டுல போய்ப் படுத்தா ஊரு காறித் துப்பாதா?"ன்னு பெரியவன் குதிச்சான். மூணு மணி நேரம் பேச்சு. கடைசியில எங்க வீட்டுக்காரம்மாதான், "ஏனுங்க, பெரியத்தையை யாராவது கேட்டீங்களா?"ன்னு உள்ள போய்க் கேட்டுது. பெரியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "எங்கன்னாலும் செரி, ராத்திரியில ஒண்ணுக்குப் போக என்னைய எழுப்பி வுட ஒரு ஆளு வேணும் சாமி."

மூணு மணி நேரம் நாங்க பேசினது மானம். அவங்களுக்கு வேண்டியிருந்தது ராத்திரிக்கு ஒரு ஆளு. திருமுக்கூடல் கல்வெட்டுல அந்த வெளக்குக்கு எண்ணெய் எதுக்கு ஒதுக்கினாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு.

ஒன்றரை மாசம் மக வீட்டுல இருந்தாங்க. அதுக்குள்ள சின்னவன் சாளை ஆசாரத்தை ஒட்டிக் கக்கூஸ் கட்டினான், புடிச்சுக்க ரெண்டு பக்கமும் கம்பி வெச்சு. அப்புறம் சாளைக்கு வந்து இப்ப கோலு ஊணி எருமைக்குத் தண்ணி காட்டறாங்க.

இதுல இருந்து நான் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். எந்த வீடுன்னு கேக்கறதுக்கு முந்தி நாலு விசயம் பாருங்க. கக்கூஸ் எத்தனை அடியில இருக்குது, படி இருக்குதா, சேர் மாதிரி உக்கார முடியுமா? ராத்திரி யாரு? பகல்ல எல்லாரும் இருப்பாங்க, ராத்திரியில விழுந்தாத் தூக்கி விட ஆளு வேணும். கட்டு மாத்தவும் தையல் பிரிக்கவும் எங்க போறது, காச்சலோ சீழோ வந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடறது? இதை டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. கேக்கறது தப்பில்லை. நாலாவது, படுக்கறவங்களுக்கு எங்க இருக்கப் புடிக்குது?

சாப்பாட்டையும் பாருங்க. புண்ணு சீழ் புடிக்கும்னு பருப்பு, முட்டையெல்லாம் தள்ளி வெச்சு வெறும் ரசஞ்சோறு போடற பழக்கம் எங்க பக்கம் இன்னும் இருக்குது. சதை கூடறதுக்கு அதுதான் வேணும். டாக்டர் வேண்டாம்னு சொன்னதை மட்டும் நிறுத்துங்க, நாமளாப் பத்தியம் வெக்க வேண்டாம்.

வீடு தேடி வர்ற ஆளு யாருன்னு கேப்பீங்க. 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை மட்டும்தான்னு நம்மாளுங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து கை கால் பயிற்சி குடுக்கற பிசியோதெரபிக்காரங்களும், படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாக்கற நர்ஸும் அதுல உண்டு. ஊர்ல மாத்திரை குடுக்க வர்ற அம்மாகிட்டயோ, ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ பேரைச் சொல்லி வைங்க. கேக்காம யாரும் வர மாட்டாங்க.

ஒரு காலத்துல பத்துப் பேரு இருந்த வீட்டுல நோயாளி ஒருத்தர். இன்னைக்கு ரெண்டே கிழடு இருக்கற வீட்டுல அதுல ஒருத்தர் நோயாளி, இன்னொருத்தர் பண்டுவக்காரர். ஆஸ்பத்திரி சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பறது நல்லதுக்குத்தான். ஆனா சிம்ப்சன் காலத்துக் குடிசையிலயும் சரி, சேத்துப்பட்டு சந்து வீட்டுலயும் சரி, பொழைச்சவங்க பக்கத்துல ஒரு ஆளு இருந்தாங்க. எடத்தைத் தேடறதுக்கு முந்தி அந்த ஆளைத் தேடுங்க. ஆளு இருக்கற எடம் எதுவோ, அதுதான் சரியான எடம். அது மக வீடா இருந்தாலும் சரி.